தக்காளிக்குச் சொன்ன வைத்தியம்

அந்தப் பையை இறுக்கிக் கட்டுங்கோ தங்கச்சி. கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் குளிர் அடிக்குது, கறிவேப்பிலை தாங்காது. ஓம், தமிழ்தான். மடியிலை அந்த இலையைக் கண்டவுடனையே நீங்களும் தமிழ் எண்டு விளங்கிட்டுது. வேறை ஆர் இந்தப் பனிக்குள்ளை கறிவேப்பிலைக் கண்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போகினம்?

இருங்கோ, இதிலை இருங்கோ. என்ரை பக்கத்துச் சீற் எப்பவும் வெறுமையாத்தான் கிடக்கும். சனம் நிறைஞ்சு நிண்டுகொண்டு வந்தாலும் இதிலை ஒருத்தரும் இருக்க மாட்டினம். அப்பிடி ஒரு அதிட்டம் எனக்கு.

எப்பன் காட்டுங்கோ பாப்பம். ம். இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அதுவும் கொழுந்திலை. இரும்புச்சத்து இல்லை. நீங்கள் என்ன செய்தனீங்கள், உரம் போட்டனீங்களோ? போட்டும் சரிவரேல்லை, பேந்தும் போட்டனீங்கள். தெரியும். எல்லாரும் அதைத்தான் செய்யிறவை. மண்ணிலை சாப்பாடு இல்லாமலில்லை தங்கச்சி. இஞ்சத்தைக் குழாய்த்தண்ணிக்குச் சுண்ணாம்புக் குணம். அதை ஊத்த ஊத்த வேர் பூட்டிக்கொள்ளும். எல்லாம் பக்கத்திலையே கிடக்கும், ஒண்டையும் எடுக்க ஏலாது. அப்ப நீங்கள் இன்னும் அள்ளிப் போட்டால் என்ன நடக்கும்? நுனி கருகும். ரெண்டு மூண்டு தரம் வெறும் தண்ணியை நிறைய விட்டு வடிய விடுங்கோ. அந்தத் தண்ணிக்கை கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விடுங்கோ, எலுமிச்சம்பழச் சாறு. அவ்வளவு காணும், போதும்.

எப்பிடித் தெரியுமோ? என்ரை வேலையே அதுதானே. இலை பாக்கிறது.

றைவர் சொன்னது விளங்கினதோ? முன்னாலை லொறி ஒண்டு சறுக்கிக் குறுக்காலை நிக்குதாம். இப்போதைக்கு பஸ் அசையாது. இறங்கவும் விடமாட்டான். இருங்கோ, வேறை என்ன செய்யிறது.

நீங்கள் இந்தியாவோ? மதுரைப் பக்கமோ? கதையிலை தெரியுது. நல்லதாப் போச்சு. எங்கடை ஊராக்கள் எண்டால் நான் ‘தக்காளித் தோட்டத்திலை வேலை’ எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வந்திருப்பன். உங்களுக்குச் சொன்னால் என்ன. நீங்கள் ஆரோ, நான் ஆரோ.

கஞ்சா. மெதுவாச் சொல்லுறன். நான் வேலை செய்யிற இடத்திலை வளக்கிறது கஞ்சா. பயப்பிடாதேங்கோ, அரசாங்கத்தின்ரை அனுமதியோடை நடக்கிற கொம்பனி. வாசலிலை காவல் நிக்குது, கழுத்திலை அட்டை தொங்குது, வரி கட்டுறன். இந்தக் கனடாவிலை சட்டப்படி வீட்டிலையே நாலு செடி வைக்கலாம். அப்ப என்ன வெக்கம் எண்டு கேப்பியள். தங்கச்சி, அந்தச் சொல்லை எங்கடை ஆக்களின்ரை வீட்டிலை சொல்லிப் பாருங்கோ. என்ரை பேர் குலம். ‘குலத்தார் எங்கை வேலை?’ எண்டு கேக்க, ‘கஞ்சாவிலை’ எண்டு என்ரை மனிசி சொல்லோணுமோ? எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை. நான் கோவில் சபையிலை இருக்கிற ஆள்.

முதல் இருந்த தொழிற்சாலை மூடினவுடனை இதுதான் கிடைச்சது. சேர்ந்த அண்டைக்கு மனிசி, ‘என்ன வேலை?’ எண்டா. ‘கண்ணாடிக் கூடாரத்துக்கை செடி பாக்கிறது’ எண்டன். ‘என்ன செடி?’ எண்டா. ‘தக்காளி’ எண்டு வாயிலை வந்திட்டுது. யோசிச்சுச் சொல்லேல்லை. வந்தது வந்ததுதான். அதிலையிருந்து நான் தக்காளிக்காரன்.

ஒருத்தருக்கும் தெரியாது. மனிசிக்குக்கூடத் தெரியாது எண்டால் பாருங்கோ. நான் அவ்வளவு கவனம். வேலை முடிய அங்கையே குளிச்சு, வேறை உடுப்பு மாத்தி, நல்ல சென்ற் அடிச்சுத்தான் வெளிக்கிடுவன். கார் எடுக்கிறேல்லை, காருக்குள்ளை மணம் நிண்டிடும். நான் வீட்டுப் படியேறக்கை மனிசி சாம்பிராணி போட்டு வைச்சிருப்பா. முந்தி வெள்ளிக்கிழமையிலை மட்டும்தான், இப்ப ஒவ்வொரு நாளும். என்ரை கோட்டையும் வாங்கி வெளியிலை கார் விடுற கராச்சுக்கை கொண்டுபோய்க் கொழுவி விடுவா. பக்தியான மனிசி, சுத்தம் பாக்கிறவ.

ஆனா தக்காளி எண்டு சொன்னதாலை வந்த கரைச்சலைக் கேளுங்கோ. ‘அண்ணை தக்காளிக்கை நிக்கிறார், அன்னதானத்துக்கு ரெண்டு பெட்டி தரமாட்டாரோ?’ எண்டு கோவிலிலை கேட்டிட்டினம். மாட்டன் எண்டு என்னெண்டு சொல்லுறது? சந்தையிலை பெட்டியா வாங்கி, ஒவ்வொரு தக்காளியிலையும் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரை இருந்து உரிச்சுக் கொண்டுபோய்க் குடுப்பன். ஒருக்கால் ஒண்டிலை தப்பிட்டுது, மெக்சிக்கோ எண்டு எழுதினது. மடப்பள்ளியிலை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா அதைச் சுரண்டி எடுத்து மேசைக்குக் கீழை ஒட்டிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. நல்ல காலம், அவவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது போல.

சரி, அதை விடுங்கோ. வேலையை மட்டும் நான் வடிவாப் பழகினன். கண்ணாடிக் கூடாரம் எண்டு சொன்னதும் சும்மா, அங்கை யன்னலே இல்லை தங்கச்சி. உள்ளை போனால் பகலோ இரவோ தெரியாது, லைற் வைச்சதுதான் வெயில், காத்தாடி சுத்தினதுதான் காத்து. நான் பூதக்கண்ணாடியும் கையுமா வரிசை வரிசையா நடந்து இலையைப் புரட்டிப் புரட்டிப் பாப்பன். அந்தச் செடி பேசுறதெல்லாம் இலையாலைதான். கீழ் இலை நரம்புக்கிடையிலை வெளுத்தால் மக்னீசியம் காணாது. மேல் இலையிலை துருப் பிடிச்ச மாதிரிப் பொட்டுப் பொட்டா விழுந்தால் கல்சியம். இலை கரும்பச்சையாகி நுனி கீழை கொழுக்கி மாதிரி வளைஞ்சால் சாப்பாடு கூடிப்போச்சு எண்டு அர்த்தம். கீழ் இலையிலை மஞ்சள் வளையத்தோடை பொட்டு வந்தால் அது சத்துக்குறைவில்லை, வருத்தம், அதான் நோய், தொத்தும். இதிலை நான் பிழைவிட்டது கிடையாது. அங்கை பெரியவவா இருக்கிற போலந்துக்காரியே ‘குலம், வந்து இதைப் பார்’ எண்டு என்னைத்தான் கூப்பிடுவா.

அப்பிடியே கோவிலிலையும் பேர் பரவிட்டுது. பனிக்காலத்திலை எங்கடை ஆக்கள் எல்லாரும் மல்லிகை, வெற்றிலை, கறிவேப்பிலை எல்லாத்தையும் வீட்டுக்குள்ளை தூக்கி வைச்சிருப்பினம், எல்லாம் வாடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஆக்கள் ரிசூக் கடதாசியிலை இலையைச் சுத்திக்கொண்டு வருவினம். ‘குலம் அண்ணை, உதுக்கு என்ன?’ நான் பாத்துச் சொல்லுவன். ஐயரைச் சுத்தி நிக்கிற சனத்திலும் பாக்கக் கூடச் சனம் என்னைச் சுத்தி நிண்ட காலமும் இருந்தது.

இப்ப ஒருத்தரும் கொண்டு வாறேல்லை. அதுதான் எனக்கு மனவருத்தம். போன வைகாசிக்குப் பிறகு ஒரு இலை வரேல்லை தங்கச்சி. ‘செடி எப்பிடி?’ எண்டு நானாக் கேட்டாலும் ‘நல்லா இருக்கண்ணை’ எண்டு போட்டுப் போகினம். உங்கடை இந்த இலைதான் எனக்குக் கனகாலத்துக்குப் பிறகு. எரிச்சல்தான், வேறை என்ன. ஒருத்தன் நல்லா இருந்தால் எங்கடை சனம் பொறுக்காது.

என்ன நடந்ததோ? சொல்லுறன். பஸ் நிக்குதுதானே.

என்ரை மகள் ஆரபிக்குச் சம்பந்தம் பேசி வந்தது அருளம்பலம் அண்ணையின்ரை வீட்டிலையிருந்து. அவர் ஊரிலை வங்கியிலை இருந்தவர், மரியாதையான மனிசன், சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாது. ஒரே மகன், நிரோஜன். பிள்ளையளே தங்களுக்கை விரும்பித்தான் சொன்னவை, நாங்கள் பேசிச் செய்யிற மாதிரிச் செய்தம். ஒரேயொரு கவலைதான். பெடியின்ரை தாய் திலகவதி அக்காவுக்குப் புற்றுநோய். மருந்து ஏத்தினால் பேந்து சாப்பிட ஏலாது, இருக்க ஏலாது, நித்திரை இல்லை. அவவுக்கு இருந்தது ஒரு ஆசை. மகன் தாலி கட்டேக்கை மணவறையிலை பக்கத்திலை இருந்து பாக்கோணும். ‘அதுக்குப் பிறகு என்னவும் நடக்கட்டும்’ எண்டு என்ரை மனிசியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவ. வைகாசிக்குக் கலியாண நாள் வைச்சம்.

நாள் வைச்சுக் கொஞ்சக் காலத்தாலை அருளம்பலம் அண்ணை வீட்டை வந்தார். தேத்தண்ணி குடிச்சார். பேந்து சட்டைப் பொக்கற்றிலையிருந்து ஒரு ரிசூவை எடுத்து விரிச்சார். ‘குலம், வீட்டிலை பேஸ்மென்ற்றிலை ஒரு தக்காளி வைச்சிருக்கிறன், இலை இப்பிடி இருக்கு, ஒருக்காப் பாருங்கோவன்’ எண்டார்.

நான் பாத்தன். தங்கச்சி, நான் தினமும் ஆயிரம் பாக்கிற இலை. ஏழு விரல் இருக்கிற இலையிலை ஒரு விரலை மட்டும் கத்தரிக்கோலாலை வெட்டிக் கொண்டு வந்திருக்கிறார். முழு இலையைக் கொண்டு வந்தால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் எண்டு அவருக்கு விளங்கியிருக்கு. பாவம், அந்த ஒரு விரலையே எனக்கு மட்டுக்கட்ட ஏலாது எண்டு நினைச்சிருக்கிறார். பாத்தவுடனை எனக்கு எல்லாம் விளங்கிட்டுது. அக்காவுக்காகத்தான். கடையிலை விக்கிற, இதிலையிருந்து எடுக்கிற எண்ணெய் அவவுக்கு வயித்தைப் பிரட்டினதாம் எண்டு மனிசி முந்திச் சொன்னவ. பூவைக் காயவைச்சு, அதுக்கெண்டு இருக்கிற கருவியிலை சூடாக்கி ஆவி பிடிச்சால் நோவு குறையும், பசிக்கும். எங்கடை கொம்பனியின்ரையை வாங்கிற வருத்தக்காரரும் அப்பிடித்தான் செய்யிறவை.

நான் காட்டிக்கொள்ளேல்லை. ஒரு மரியாதையான மனிசன், சம்பந்தம் செய்யப் போற இடம், தன்ரை வீட்டிலை கஞ்சா வளக்கிறதைத் தக்காளி எண்டு சொல்லி வந்திருக்கிறார். ‘இது தக்காளி இல்லை அண்ணை’ எண்டு சொன்னால் அந்த மனிசன் எங்கை முகத்தை வைக்கிறது? சரி, எனக்கும்தான். இது தக்காளி இல்லை எண்டால் பேந்து என்ன, உமக்கு என்னெண்டு தெரியும் எண்டு வரும். அதை விடுங்கோ. நான் அவரின்ரை மானத்தைக் காப்பாத்தினன். ‘தக்காளிதான்’ எண்டன்.

இலையிலை துருப்பொட்டு, நுனி கருகல். ‘சாப்பாடு கூடிப்போச்சு. உரத்தை நிப்பாட்டுங்கோ, வெறும் தண்ணியாலை மண்ணைக் கழுவுங்கோ, எப்பன் தேசிக்காய்ப்புளி’ எண்டன். உங்களுக்குச் சொன்னது மாதிரித்தான். இதிலை தக்காளிக்கும் அதுக்கும் ஒரே வைத்தியம். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பாத்தார். ‘பெரிய உதவி குலம்’ எண்டு ரெண்டு கையாலையும் என்ரை கையைப் பிடிச்சார். ஒரு தக்காளிக்கு இவ்வளவு நன்றி சொல்லுறாரே, நடிக்கத் தெரியாத மனிசன் எண்டு நான் மனசுக்கை சிரிச்சன்.

செடி எழும்பிட்டுது. எப்பிடித் தெரியுமோ? அக்கா எழும்பிட்டா. இங்கிலீசு வருசப்பிறப்பு முடியத் தாங்களே எங்கடை வீட்டை வந்தினம். அக்கா இருந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டா. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. மனிசி குசினிக்கை போய் அழுதவ, சந்தோசத்திலை. போகேக்கை அக்கா எனக்குக் கிட்ட வந்து, ‘அண்ணை, உங்களுக்குத்தான் தெரியும் எண்டு இவர் சொன்னவர். உங்கடை கைராசி’ எண்டா. அவவுக்கும் தக்காளி எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறார் போல எண்டு நினைச்சன். இல்லை, ஆவி பிடிக்கிற அவவுக்கே எப்பிடித் தக்காளி எண்டு சொல்லியிருக்க முடியும்? அது எனக்கு இப்பவும் விளங்கேல்லை.

பஸ்சுக்குள்ளை புழுங்குது என்ன? வெளியிலை அந்தக் குளிர், உள்ளை இப்பிடி. யன்னல் திறக்க ஏலாது, பூட்டித்தான் கிடக்கு.

பேந்துதான் தைப்பூசம் வந்தது. அன்னதானத்துக்குத் தக்காளி கேட்டுக் கோவில் செயலாளர் கதிர்காமத்தம்பியர் வீட்டை வந்து இருக்கிறார். வாய் நீளம். ஒரு கதை அவரின்ரை காதிலை விழுந்தால் மற்ற நாள் ரொறன்ரோ முழுக்கக் கதைக்கும். அந்த நேரம் பாத்து அருளம்பலம் அண்ணை வாறார். அதே ரிசூ. விரிச்சார்.

பாத்தன் தங்கச்சி. இலையிலை வெள்ளை மா தூவின மாதிரிப் பூஞ்சணம். அதோடை இந்த முறை ஒரு துண்டுப் பூவும் கிள்ளிக் கொண்டு வந்திருக்கிறார், ரிசூவின்ரை மடிப்புக்கை எனக்கு மட்டும் தெரியிற மாதிரி. பூவுக்கையும் வெள்ளை. நடுவிலை சாம்பல்.

இதை நான் வேலையிலை கண்டிருக்கிறன். ஒரு அறையிலை இப்பிடி வர, அந்த அறை முழுக்க வெட்டிப் பையிலை கட்டி எறிஞ்சவை. பூவிலை பூஞ்சணம் பட்டிராத செடியைக்கூட விடேல்லை. எவ்வளவு பாடுபட்டு வளத்தது, துடைச்சுப்போட்டு எடுக்கலாமே எண்டு நான்தான் கேட்டன். போலந்துக்காரி சொன்னா, ‘இது வருத்தக்காரர் நெஞ்சுக்குள்ளை இழுக்கிறது. உடம்பிலை எதிர்ப்புச்சக்தி இல்லாதவைக்கு இந்தப் பூஞ்சணம் உள்ளை போனால் அங்கையே முளைக்கும். துடைச்சால் வெளியிலை போகும், உள்ளை நிக்கும்.’ அவ சொன்னது எனக்கு அப்பிடியே ஞாபகம்.

ஆனால் தக்காளிக்கு அப்பிடியில்லை. தக்காளி இலையிலை மா பிடிச்சால், பாலைத் தண்ணியிலை கலந்து துடைச்சுவிடலாம். பழத்தைக் கழுவிப்போட்டுச் சாப்பிடலாம். ஒண்டும் செய்யாது. அது உண்மை. நான் பொய் சொல்லேல்லை.

‘தக்காளிக்கு இப்பிடி வந்திருக்குக் குலம்’ எண்டார். நான் சொன்னன், ‘துடைச்சுவிடுங்கோ அண்ணை, காத்துப் பட விடுங்கோ.’ எண்டாலும் எனக்கு மனம் கேக்கேல்லை. ‘எறியிறதும் நல்லதுதான்’ எண்டும் சொன்னன். அதைச் சொன்னனான் தங்கச்சி, கேட்டுக்கொள்ளுங்கோ. அவர், ‘எறியத்தான் வேணுமோ? வேறை இல்லை. திரும்ப வளத்தெடுக்கக் கலியாணம் வந்திடும்’ எண்டார். பேந்து கதிர்காமத்தம்பியரை ஒருக்காப் பாத்தார், என்னைப் பாத்தார். சத்தத்தைக் குறைச்சு, ‘இது தக்காளி இல்லாமல் வேறை ஏதேனும் எண்டால் என்ன செய்வியள் குலம்? வருத்தக்காரர் பாவிக்கிறது எண்டால்?’ எண்டு கேட்டார்.

கதிர்காமத்தம்பியர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழை வைச்சிட்டார். குசினிக்கை மனிசியின்ரை அகப்பைச் சத்தம் நிண்டிட்டுது.

நீங்கள் சொல்லுங்கோ, நான் என்ன செய்யிறது? வேறை எண்டால் எது வேறை எண்டு வரும். எனக்கு என்னெண்டு தெரியும் எண்டு வரும். மகளின்ரை கலியாணம் நிக்குது, சபைக்காரன் முன்னாலை இருக்கிறான். அந்த மனிசனையும் நான் சந்தியிலை விட ஏலாது. ‘எல்லாம் ஒண்டுதான் அண்ணை, துடைச்சுப்போட்டுப் பாவிக்கலாம்’ எண்டன்.

‘நீங்கள் சொன்னால் சரி’ எண்டார். ரிசூவை மடிச்சு வைச்சார். கதிர்காமத்தம்பியர் தக்காளிக்குச் சரியெண்டு கேட்டுக்கொண்டு வெளிக்கிட்டிட்டார். அருளம்பலம் அண்ணையும் வெளிக்கிட்டவர், வாசலிலை குந்தியிருந்து பனிச்சப்பாத்துப் போடுறார், போடுறார், முடியேல்லை. ஒரு காலைப் போட்டு, கயிறு கட்டி, அவிட்டு, திரும்பக் கட்டினார். நானும் கதவைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை நிண்டன். அந்த நேரம் அங்கை எங்களைத் தவிர ஒருத்தருமில்லை. ரெண்டு தரம் தலையை நிமித்தி என்னைப் பாத்தார். முழங்கால் நோவாக்கும் எண்டு நினைச்சு, ‘குளிருக்கை கவனமாப் போங்கோ அண்ணை’ எண்டன். அவர் போயிட்டார்.

பங்குனியிலை அக்காவை ஆஸ்பத்திரியிலை விட்டவை. நெஞ்சிலை பூஞ்சணம் பிடிச்சிட்டுதாம். வைகாசி வரைக்கும் அங்கைதான். கலியாணத்தைத் தள்ளிவைப்பம் எண்டு நாங்கள் சொல்ல, அக்கா விடேல்லை. மண்டபத்திலை தாரை வார்க்கேக்கை அருளம்பலம் அண்ணையின்ரை தம்பியும் மனிசியும் மணவறையிலை இருந்தவை. அண்ணை மணவறைக்கு வரேல்லை. அவர் ஆஸ்பத்திரியிலை கட்டிலடியிலை இருந்து அக்காவுக்குப் போனைப் பிடிச்சுக் காட்டினவர். வாயிலையும் மூக்கிலையும் மூடி போட்டிருந்தது. தாலி கட்டினவுடனை நிரோஜன் போனைப் பாத்துக் கும்பிட்டான். அக்கா கை தூக்கினவ எண்டு சொன்னவை, எனக்கு வடிவாத் தெரியேல்லை. பேந்து கொஞ்ச நாளிலை போயிட்டா.

எனக்குக் கவலை இல்லையெண்டோ நினைக்கிறியள்? எங்கடை வீட்டிலை புட்டுச் சாப்பிட்ட மனிசி. நான் நல்லா அழுதனான். ஆனால் ஒண்டு சொல்லுறன், வருத்தக்காரருக்கு அது எங்கையிருந்தும் வரலாமாம். ஆஸ்பத்திரிக் காத்திலையே இருக்காம். நான் வாசிச்சுப் பாத்தனான். கனக்க வாசிச்சனான். தக்காளிக்குக் கேட்டார், தக்காளிக்குச் சொன்னன். இதிலை என்னிலை என்ன பிழை?

செத்தவீட்டிலையும் அருளம்பலம் அண்ணை என்னிலை எவ்வளவு பட்சமா இருந்தார் தெரியுமோ? லண்டனிலையிருந்து வந்த அவரின்ரை ஆக்களுக்கு என்னைக் காட்டி, பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டுகொண்டு, ‘இவர்தான் ஆரபியின்ரை அப்பா. தக்காளித் தோட்டத்திலை வேலை’ எண்டு சொல்லிவிட்டார். அந்த நேரத்திலையும் மனிசன் மறக்கேல்லை. கோவில் ஆக்களெல்லாம் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவை. அதிலையிருந்துதான் ஒருத்தரும் இலை கொண்டு வாறேல்லை எண்டு சொன்னன்.

வேலையை விட்டிடலாம் எண்டும் யோசிச்சனான். விட்டால் ஏன் விட்டது எண்டு கேப்பினம். முந்தி எனக்கு இருந்தது வெறும் வெக்கம் தங்கச்சி. ‘ஓம், கஞ்சாவிலைதான் வேலை’ எண்டு ஒரு நாள் சொல்லியிருந்தால், ரெண்டு கிழமை சிரிச்சுப்போட்டு விட்டிருப்பினம். இப்ப அதைச் சொல்ல ஏலாது. இப்ப சொன்னால், அந்த இலையைக் கண்டவுடனை எனக்குத் தெரியும் எண்டெல்லோ ஆகும். அதாலை நான் சாகுமட்டும் தக்காளிதான். இன்னும் பெட்டி வாங்கிறன், இன்னும் ஸ்ரிக்கர் உரிக்கிறன்.

ஆ, பஸ் எடுக்கிறான். இல்லை, எப்பன் முன்னுக்குப் போய்த் திரும்ப நிக்குது.

போன கிழமை ஆரபி தனிய வந்தாள். தாய் கோவிலுக்குப் போன நேரம். குசினி மேசையிலை எனக்கு முன்னாலை இருந்தாள். கோட்டைக் கழட்டேல்லை. ‘அப்பா, ஒண்டு கேப்பன், உண்மையைச் சொல்லோணும். மாமா அந்த இலையைக் கொண்டு வந்த நேரம், அது என்ன எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதோ?’ எண்டு கேட்டாள்.

ஏன் இப்ப கேக்கிறாய் எண்டன். ‘மாமா ஒவ்வொரு நாளும் அதைத்தான் கேக்கிறார். குலத்துக்குத் தெரியாமல்தான் சொன்னவர், தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பார், நான்தான் வாயைத் திறந்து கேட்டிருக்கோணும், நான்தான் அவளுக்குக் குடுத்தனான் எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். சாப்பிடுறேல்லை அப்பா. நீங்கள் சொல்லுங்கோ, தெரிஞ்சதோ?’

அவளின்ரை முகத்தை எனக்குப் பாக்க ஏலாமல் போட்டுது. மேசையைப் பாத்துக்கொண்டு, ‘தெரியாது பிள்ளை. தக்காளி எண்டுதான் நினைச்சன்’ எண்டன்.

ஆரபி கோட்டுப் பொத்தானைப் பூட்டினாள். பேந்து ‘சரியப்பா’ எண்டாள். எண்டிட்டு, நான் முன்னாலை இருக்கத்தக்கதா, போனை எடுத்து அடிச்சு, ‘மாமா, அப்பாவுக்குத் தெரியாதாம்’ எண்டாள்.

அங்காலை அந்த மனிசன் அழுத சத்தம் எனக்குக் கேட்டது. அவர் இப்பிடிச் சத்தமா அழுவார் எண்டு எனக்குத் தெரியாது, அவள் போனைக் காதிலை இறுக்கி வைச்சிருந்தும் கேட்டது. ஏன் அழுகிறார் எண்டு நான் கேக்கேல்லை தங்கச்சி. கேட்டால் அவளும் என்னைத் திருப்பி ஏதேன் கேப்பாள்.